வந்ததா, வந்தாரா? வேற்றுலகத்தாரும் தமிழ்த் திணையும்

சில ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருவரின் கற்பனைக் கட்டுரையைத் திருத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நள்ளிரவில் பள்ளித் திடலில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. கதவு திறக்கிறது. "வேற்றுக்கிரகவாசி வெளியே வந்தது" என்று மாணவி எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் அந்த வேற்றுக்கிரகவாசி பள்ளித் தோட்டத்தில் அமர்ந்து மாணவியோடு பேசத் தொடங்கியதும், "அவன் சிரித்தான்" என்று வினைமுற்று மாறியது. இறுதியில் மழை வெள்ளத்தில் சிக்கிய பள்ளிக் காவலரை அவன் காப்பாற்றிய பின், "கையசைத்து விடைபெற்றார்" என்று கட்டுரை முடிந்தது.

சிவப்பு மையால் மூன்று இடங்களிலும் வட்டமிட்டோம். ஒரே எழுவாய்க்கு அஃறிணை முடிபும், உயர்திணை ஆண்பால் முடிபும், மரியாதைப் பன்மை முடிபும் வந்தால் அது வழுவன்றோ? ஆயினும், எது சரியான முடிபு என்று ஓரத்தில் எழுத முயன்றபோது நம் பேனா நின்றுவிட்டது. வந்ததா, வந்தானா, வந்தாரா? அன்று எழுந்த ஐயத்தின் பயனே இக்கட்டுரை.

இலக்கணம் வகுத்த இரு திணை

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் வினைச்சொல்லில் எழுவதில்லை. வந்தவர் யாராயினும், வந்தது எதுவாயினும் வினைச்சொல் ஒன்றே. தமிழிலோ வாக்கியத்தை முடிப்பதற்கு முன்னரே ஒரு தீர்ப்பு வழங்கியாக வேண்டும். எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்று தெரியாமல் படர்க்கை வினைமுற்றை முடிக்க இயலாது.

தொல்காப்பியர் உயர்திணையை மக்களுக்கு உரியதாக வகுத்தார். தெய்வப் பெயர்களும் உயர்திணை முடிபையே ஏற்கும் என்று தனியே கூறினார். பின்வந்த நன்னூலார் மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரையும் உயர்திணைக்குள் சேர்த்தார். இது எண்ணிப் பார்க்கத் தக்கது. தேவரும் நரகரும் இம்மண்ணில் வாழ்வோர் அல்லர். வேறு உலகத்தவராகக் கருதப்பட்டவர்கள். ஆகவே, பிறந்த இடம் திணையைத் தீர்மானிப்பதில்லை என்பது நம் இலக்கணத்தில் பழைய முடிவு.

இதனைக் கொண்டு, நம் முன்னோர் பறக்கும் தட்டுகளைக் கண்டிருந்தனர் என்று எவரும் வாதிட வேண்டா. அது நம் கருத்தன்று. இலக்கண நூலார் தம் காலத்து நம்பிக்கைகளுக்கும் வழக்குகளுக்கும் ஏற்ப மொழியை வகைப்படுத்தினர். அந்த வகைப்பாடு இன்று நமக்கு எதற்குப் பயன்படும் என்பதே கேள்வி.

ஒரு உவமை பெற்றெடுத்த உருவம்

1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென்னத் அர்னால்டு என்னும் விமானி தம் சிறு விமானத்தில் ரெய்னியர் மலைப் பகுதியில் பறந்துகொண்டிருந்தார். ஒளிவீசும் ஒன்பது பொருள்கள் வரிசையாக மிகுவேகமாகச் செல்வதைக் கண்டதாகத் தெரிவித்தார். அவை எவ்வாறு சென்றன என்று செய்தியாளர்கள் வினவியபோது, தேநீர்க் கோப்பையின் அடித்தட்டை நீர்ப்பரப்பின்மேல் வீசினால் அது தத்தித் தத்திச் செல்வது போன்று சென்றன என்னும் பொருள்பட விளக்கினார்.

நம் சிறுவர்கள் ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் எறிந்து விளையாடுவதை நினைத்துப் பார்த்தால் அவர் கூறியது விளங்கும். அவர் ஒப்பிட்டது பொருளின் வடிவத்தையன்று, அதன் இயக்கத்தை. அவர் பின்னர் வரைந்து காட்டிய படத்தில் அப்பொருள் முன்புறம் வளைந்தும் பின்புறம் கூம்பியும் இருந்தது. முழு வட்டமாக இல்லை. ஆனால் செய்தித்தாள்கள் 'பறக்கும் தட்டு' என்று தலைப்பிட்டன. அச்சொல் பரவிய சில நாள்களிலேயே மக்கள் வானில் வட்டத் தட்டுகளைக் காணத் தொடங்கினர்.

தமிழ் மாணவர்க்கு இதனை எளிதாக விளக்கலாம். தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். தொழிலால் ஒப்பிடுவது வினையுவமம். வடிவால் ஒப்பிடுவது மெய்யுவமம். அர்னால்டு கூறியது வினையுவமம். செய்தித்தாள்கள் அதனை மெய்யுவமமாகப் படித்தன. அந்தப் பிழையான வாசிப்பிலிருந்து தோன்றிய தட்டு, எண்பது ஆண்டுகளை நெருங்கியும் திரைப்படங்களிலும் குழந்தைகளின் ஓவியங்களிலும் பறந்துகொண்டிருக்கிறது. பெயர் முந்திக்கொண்டது, காட்சி அதன் பின்னே சென்றது.

ஐயத்தைச் சொல்லும் முறை

அறியாத ஒன்றைக் கண்டால் அதனை எவ்வாறு சொல்ல வேண்டும்? இதற்கு நம் இலக்கணத்தில் தெளிவான விதி உண்டு. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் ஐயக்கிளவி பேசப்படுகிறது. தொலைவில், மங்கிய ஒளியில் ஏதோ நிற்கிறது. அது வெட்டுண்ட மரக்கட்டையா, மனிதனா என்று தெரியவில்லை. அந்நிலையில் திணையைத் துணிந்து சொல்லாமல், 'தோன்றுகின்ற உரு' என்று இரு திணைக்கும் பொதுவான சொல்லால் கூற வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். மக்களே என்று தெரிந்து, ஆணா பெண்ணா என்பது மட்டும் தெரியாவிடில் பன்மையால் கூற வேண்டும். நன்னூலும் இதனை வழிமொழிகிறது.

இவ்விதியின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். கண்டதை மறுக்கும்படி அது சொல்லவில்லை. காணாததைச் சேர்த்துச் சொல்லவும் இடம் தரவில்லை. ஐயம் தெளியும் வரை பொதுச்சொல்லோடு நின்றுகொள் என்பதே அதன் அறிவுரை.

அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை 'புளூ புக்' என்னும் திட்டத்தின்கீழ் இத்தகைய காட்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தது. தொகுக்கப்பட்ட 12,618 காட்சிகளுள் 701 மட்டுமே அடையாளம் காணப்படாதவையாக எஞ்சின. மற்றவை விண்மீன், கோள், பலூன், விமானம், முகில் முதலியவற்றுள் அடங்கின. எஞ்சிய 701ஐ 'வேற்றுலக ஊர்திகள்' என்று கொள்வோர் உளர். 'அடையாளம் காணப்படாத' என்னும் எதிர்மறைப் பெயரெச்சத்தை அவர்கள் 'அடையாளம் காணப்பட்ட' என்பதாகவே படிக்கின்றனர். தெரியாது என்பது ஒரு விடை; அதனை வேறொரு விடையாக மாற்றிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

இன்று அமெரிக்க அரசு அமைப்புகள் 'பறக்கும் பொருள்' என்னும் வழக்கைக் கைவிட்டு, 'அடையாளம் காணப்படாத விந்தை நிகழ்வு' என்னும் பொருள்படும் தொடரைப் பயன்படுத்துகின்றன. பறந்தது என்பதும் ஒரு துணிபு. பொருள் என்பதும் ஒரு துணிபு. இரண்டையும் நீக்கி, நிகழ்வு என்று மட்டும் கூறுவது 'உரு' என்னும் பொதுச்சொல்லை நோக்கிய நகர்வேயாகும். நாசா அமைத்த ஆய்வுக்குழுவும், இந்நிகழ்வுகள் வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே 2023ஆம் ஆண்டு அறிக்கை தந்தது.

இதில் நமக்கும் ஒரு பட்டறிவு உண்டு. ஒரு மாலை போர்ட்டிக்சன் கடற்கரையிலிருந்து காரில் திரும்புகையில், மேற்கு வானில் ஓர் ஒளி நம்முடன் கூடவே வருவதைக் கண்டோம். கார் வளைந்தால் அதுவும் வளைந்தது, நின்றால் நின்றது. உடன் வந்த குழந்தைகள் அலறினர்; நமக்கும் உள்ளூர நடுக்கமே. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நெடுநேரம் நோக்கிய பின்னரே அது மாலையில் தோன்றும் வெள்ளிக்கோள் என்று தெளிந்தோம். மிகத் தொலைவிலுள்ள ஒளி, நகரும் நமக்கு உடன் வருவதுபோலத் தோன்றும். அவ்வொளியைக் கண்டது உண்மை. அது நம்மைத் துரத்தியது என்பது நம் அச்சம் சேர்த்த வினைமுற்று.

அறிவியலாளர்களும் இச்சோதனைக்கு விலக்கானவர்கள் அல்லர். 1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ஏறத்தாழ 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் வானொலிக் குறிகையைக் கண்டறிந்தார். இத்துணை ஒழுங்கான குறிகை இயற்கையில் தோன்றுமா என்ற ஐயத்தால், ஆய்வுக்குழுவினர் அதற்குச் 'சின்னஞ்சிறு பச்சை மனிதர்' என்று பொருள்படும் சுருக்கப்பெயரை வேடிக்கையாக இட்டனர். ஆனால் பெயரோடு நின்றுவிடவில்லை, தொடர்ந்து சோதித்தனர். வானின் வேறொரு திசையிலிருந்தும் அத்தகைய குறிகையைப் பெல் கண்டறிந்தபோது, இரு வேறு இடத்தவர் ஒரே முறையில் நமக்குச் செய்தி அனுப்புவது பொருந்தாது என்பது தெளிவாயிற்று. வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனே அக்குறிகைக்குக் காரணம் என்று பின்னர் விளங்கியது. பச்சை மனிதர் கிடைக்கவில்லை. அறிவியலுக்குப் புதியதொரு விண்மீன் வகை கிடைத்தது.

திரையில் வந்த அயலார்

திரைப்படங்களுக்கு இத்தகைய பொறுமை தேவையில்லை. கதவு திறந்தாக வேண்டும், யாரேனும் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் வந்தவருக்கு எந்தத் திணையை வழங்குவது என்னும் வினாவிலிருந்து அவையும் தப்புவதில்லை.

எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' என்னும் புதினம் பின்னாளில் பலமுறை திரைப்படமாயிற்று. செவ்வாய்க் கோளிலிருந்து வந்தோர் பூமியை அழிப்பதே அதன் கதை. ஐரோப்பியக் குடியேறிகளால் தாஸ்மேனியப் பழங்குடியினர்க்கு நேர்ந்த அழிவை வெல்ஸ் அந்நூலின் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். பிற மக்களை அஃறிணையாக நடத்திய பேரரசு, தன்னையும் ஒருவர் அவ்வாறே நடத்தினால் என்னாகும் என்று அஞ்சிய அச்சம் அது. தோட்டப்புறங்களில் 'கூலி' என்ற ஒரே சொல்லால் எண்ணப்பட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு, இவ்வச்சத்தின் மறுபக்கம் தெரியும்.

1951இல் வெளிவந்த 'பூமி அசையாது நின்ற நாள்' என்னும் அமெரிக்கப் படம் வேறொரு பாடத்தைத் தருகிறது. வாஷிங்டன் நகரில் தட்டு இறங்குகிறது. வெளியே வரும் கிளாட்டு என்பவர் கையில் ஒரு சிறு பொருளை நீட்டுகிறார். அது படைக்கலம் என்று அஞ்சிய வீரர் ஒருவர் சுட்டுவிடுகிறார். அது நாட்டுத் தலைவர்க்குக் கொண்டுவந்த பரிசு என்பது பிறகே தெரிகிறது.

இதே முடிச்சு 2016இல் வெளிவந்த 'அரைவல்' படத்தில் மொழியின் சிக்கலாகவே வருகிறது. டெட் சியாங் எழுதிய சிறுகதையைத் தழுவிய இப்படத்தில், வேற்றுலகத்தாரின் எழுத்தைக் கற்க முயலும் மொழியியலாளர் லூயிஸ் பேங்ஸ் என்பவரே தலைமை மாந்தர். அவர்கள் வந்த நோக்கம் என்ன என்று வினவியதற்குக் கிடைத்த விடையை 'ஆயுதம்' என்று மொழிபெயர்த்தவுடன் நாடுகள் போருக்கு ஆயத்தமாகின்றன. அது 'கருவி' என்றும் பொருள்படலாமே என்று அவர் மன்றாடுகிறார்.

அக்காட்சியைக் கண்டபோது நம் மனம் தமிழை நோக்கியே சென்றது. நம் மொழியில் கருவி என்பது உழவர்க்கும் தச்சர்க்கும் உரிய பொருள். இசைக்கருவி என்றால் யாழும் பறையும். படைக்கருவி என்றால் வாளும் வேலும். அடைமொழி சேரும் வரை அச்சொல் எப்பக்கமும் சாய்வதில்லை. ஆயுதம் என்னும் சொல்லும் அத்தகையதே. ஆயுத பூசையன்று நாம் பொட்டிட்டு வணங்குவன சுத்தியலும் தையல் இயந்திரமும் லாரியும் பாடநூலும் அல்லவா? தமிழ் அறிந்த ஒருவர் அந்த மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருந்தால், அடைமொழி எது என்று முதலில் கேட்டிருப்பார்.

1982இல் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' படத்தில் பெரியவர்கள் வேற்றுலகத்தாரைப் பிடித்து ஆராய விரும்புகின்றனர். குழந்தைகளோ அவருக்கு உணவூட்டி, மறைத்து வைத்து, பேசக் கற்றுக்கொடுக்கின்றனர். கற்பிக்கத் தொடங்கிய கணத்திலேயே அவர் உயர்திணை ஆகிவிடுகிறார். ஆசிரியர்கள் கருதத் தக்க செய்தி இது.

தமிழ்த் திரையும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1963இல் எம்.ஜி.ஆர்., பானுமதி ஆகியோர் நடித்து, ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 'கலையரசி' வெளிவந்தது. மனிதன் விண்வெளிக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலவில் இன்னும் காலூன்றவில்லை. அப்படத்தில் வேற்றுலகத்தார் அறிவியலில் மேம்பட்டவர்கள். ஆனால் இசையும் நடனமும் அறியாதவர்கள். ஆகவே, கலை கற்பிக்கப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கடத்திச் செல்கின்றனர். மேலைப் படங்களில் நிலத்தையும் உயிரையும் கவர வந்தோர், தமிழ்ப் படத்தில் இசையாசிரியரைத் தேடி வந்தனர். கடத்தியது குற்றமே, ஆயினும் தம்மிடம் இல்லாதது எது என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

2024 பொங்கலையொட்டி வெளிவந்த மற்றொரு தமிழ்ப் படத்துக்கு இட்ட பெயரே நம் ஐயத்துக்கு ஒரு விடையாகும். வேற்றுலகத்திலிருந்து வந்தவருக்கு அது சூட்டிய பெயர் 'அயலான்'. அச்சொல்லின் ஈற்றிலுள்ள 'ஆன்' உயர்திணை ஆண்பால் விகுதி.

பொன்தட்டில் இல்லாத தமிழ்

வேற்றுலகத்தார் நம்மிடம் வருவது ஒருபுறம் இருக்க, நாமே அவர்களுக்குக் குரல் அனுப்பியிருக்கிறோம். 1977ஆம் ஆண்டு ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு பொருத்தப்பட்டது. கார்ல் சேகன் தலைமையிலான குழு அதனை ஆக்கியது. 115 படங்களும், ஏறத்தாழ 90 நிமிட இசையும், 55 மொழிகளில் வாழ்த்தும் அதில் உள்ளன. வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுகொண்டிருக்கிறது.

அந்த 55 மொழிகளுள் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, இந்தி உண்டு. பேசுவார் எவருமின்றிப் போன சுமேரியமும் அக்காடியமும் உண்டு. தமிழ் இல்லை. இதனை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறோம். நமக்கும் முதலில் வருத்தமே. ஆனால் சற்றே எண்ணினால், சுமேரியம் அத்தட்டில் இடம்பெற்றது. அதனால் சுமேரியம் பேசும் ஒரு குழந்தை பிறந்துவிடவில்லை. பொன்னில் பொறிப்பது மொழிக்கு நினைவுச்சின்னம் ஆகலாம், உயிர் ஆகாது. வீட்டு உணவு மேசையில் தமிழ் ஒலிக்காவிடில், தமிழ் வகுப்புக்கு வரும் நம் குழந்தைக்கே அது வேற்றுலக மொழியாகிவிடும். அந்தத் தொலைவு வாயேஜர் கடந்த தொலைவினும் கடத்தற்கு அரியது.

அத்தட்டிலுள்ள வாழ்த்துகளுள் நம்மைப் பெரிதும் கவர்ந்தது அமோய் மொழியில் அமைந்தது. நம் நாட்டில் ஹொக்கியன் என்று வழங்குவது அதற்கு மிக நெருங்கிய பேச்சு. மற்றவை பெரும்பாலும் அமைதியும் நலமும் வேண்டி நிற்க, இது விண்வெளி நண்பர்களிடம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு, நேரம் கிடைத்தால் வந்து போகுமாறு அழைக்கிறது. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஒரு சீனப் பாட்டி பக்கத்து வீட்டுத் தமிழரிடம் கேட்கும் அதே கேள்வி; நாமும் திண்ணையில் நின்று பிறரைக் கேட்கும் அதே கேள்வி. வாய் உண்டா, வயிறு உண்டா என்றுகூடத் தெரியாத ஒருவரிடம் அதனைக் கேட்பது அறியாமையன்று. நீயும் எம்போல் பசிப்பாய் என்று முன்கூட்டியே உயர்திணை வழங்குவது அது.

அயல் என்னும் சொல்

'அயல்' என்பதன் பொருளை ஆராய்ந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அயல்நாடு என்னும்போது அது பிறநாடு. அண்டை அயல் என்னும்போது அது பக்கத்து வீடு. அந்நியரும் அயலார், அடுத்த வீட்டாரும் அயலார். ஒரு சொல்லுக்குள் தொலைவும் அண்மையும் உடனுறைகின்றன. பல இனத்தார் சுவரொட்டி வாழும் இந்நாட்டில் இச்சொல்லின் இரு பொருளும் நமக்கு அன்றாட அனுபவம்.

மாணவியின் கட்டுரைக்கு மீள்வோம். இலக்கணத்தில் வழு என்று ஒன்று இருப்பதுபோல வழுவமைதி என்றும் ஒன்று உண்டு. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு முதலிய காரணங்களால் ஒருவர் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று கூறினால் அது குற்றமாகாது. சினமும் இழிவும் காரணமாக உயர்திணையை அஃறிணையாகக் கூறுவதையும் இலக்கணம் அமைத்துக்கொள்கிறது. திணை மாறுவதற்கு உள்ளத்தின் நிலையே காரணம் என்பதை இலக்கண நூலார் அறிந்திருந்தனர். இழிவினால் திணை தாழ்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். கட்டுமானத் தளத்துக்குப் புதிதாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளியை 'அது வந்துச்சு' என்று சொல்லும் வாயை என்னென்பது? இலக்கணம் அதனை அமைதியென்று கொள்ளலாம், மனம் கொள்ளலாமா?

வேற்றுலகத்தார் உளரா என்று மாணவர் வினவினால், ஆசிரியர் 'இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கின்றனர்' என்று கூறுவதே நேர்மை. அதனோடு, தெரியாததைத் 'தோன்றுகின்ற உரு' என்று சொல்லும் பழக்கத்தையும், தெரிந்த பின் அயலார்க்கு 'ஆர்' விகுதி வழங்கும் பண்பையும் கற்பிக்கலாம்.

அம்மாணவி அச்சத்தில் 'வந்தது' என்றார். நட்பில் 'சிரித்தான்' என்றார். நன்றியில் 'விடைபெற்றார்' என்றார். அவர் செய்தது வழுவன்று. சிவப்பு வட்டங்கள் மூன்றையும் அடித்துவிட்டு, ஓரத்தில் 'அமைதி' என்று எழுதினோம். கட்டுரையைத் திரும்பப் பெற்ற மாணவி அச்சொல்லைப் படித்துவிட்டு, "ஐயா, நான் வகுப்பில் சத்தம் போடவில்லையே?" என்று கேட்டார். அன்றைய பாடம் வழுவமைதி ஆயிற்று.